பாவும் ஊடையும் சூப்பர் காரும்: 350 கி.மீ. வேகத்தில் உயிரைக் காப்பது ஒரு துணிதான்!

காஞ்சிபுரம் ஓரிக்கையில் ஒரு பட்டுத் தறியைப் பாருங்கள். நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை. உலகின் அதிவேக கார்களின் உடம்பும் இதே கணக்கில்தான் நெய்யப்படுகிறது. நூல் மட்டும் வேறு: கார்பன் ஃபைபர்.

மஹிந்திரா குழுமத்தைச் சேர்ந்த ‘பினின்ஃபரினா பட்டிஸ்டா’வை எடுத்துக்கொள்வோம். 1,900 குதிரைத்திறன் கொண்ட மின்சார கார். 100 கி.மீ. வேகத்தைத் தொட 2 விநாடிகூட ஆகாது. உச்ச வேகம் மணிக்கு 350 கி.மீ. அதாவது, ஒரு விநாடிக்கு 97 மீட்டர். கிட்டத்தட்ட 17 பட்டுச் சேலைகளின் நீளம்!

துணி எப்படி காராகிறது?

அக்ரிலிக் வகை இழையை, ஆக்ஸிஜன் இல்லாத உலையில் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் கார்பன் இழை கிடைக்கும். தடிமன் 5 முதல் 7 மைக்ரான். தலைமுடியைவிட மிக மெல்லியது. ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்துத் துணியாக நெய்வார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. பட்டு நூலுக்கு முறுக்கு பலம். கார்பனுக்கு அது ஆகாது. இழை நேராக இருந்தால்தான் முழு பலம். அதுவும் இழை ஓடும் திசையில் மட்டும்தான். அதனால் துணியை நேராக, குறுக்காக, சாய்வாக என அடுக்கடுக்காக வைத்து, எபாக்ஸி பிசினோடு சேர்த்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக வைக்கிறார்கள். எடை குறைவு, உறுதி அதிகம்.

சரி, மோதினால்?

1981-ல் மெக்லாரன் அணி முதல் கார்பன் ஃபைபர் உடற்கூடு கொண்ட ஃபார்முலா 1 காரை இறக்கியபோது, ‘மோதினால் நொறுங்கிடுமே’ என்ற சந்தேகம் இருந்தது. அதே ஆண்டு இத்தாலியின் மோன்சாவில் ஜான் வாட்சனின் கார் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. அவரோ நடந்து வெளியே வந்தார்! நம்ம கோவைக்காரர் நரேன் கார்த்திகேயனும் 2005 சீன கிராண்ட் பிரியில் பெரும் விபத்திலிருந்து தப்பினார்.

காரணம் எளிது. இரும்பு நசுங்கும், கார்பன் சிறு சிறு துண்டுகளாக உடையும். ஒவ்வொரு உடைப்பும் மோதலின் விசையைக் கொஞ்சம் தின்றுவிடும். ஓட்டுநரைச் சுற்றியுள்ள கூடு மட்டும் நிற்கும்.

ஆனா, ஒரு சிக்கல். இரும்பு நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். கார்பனில் விரிசல் உள்ளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் ஸ்கேன் செய்துதான் நம்ப வேண்டும். சேலையோ காரோ, நெசவின் தரம் மேற்பூச்சில் தெரியாது.