சிறுத்தைப் பல்லி வளர்ப்பு: புதியோர்க்குச் சில குறிப்புகள்

நாயும் பூனையும், கிளியும் புறாவும் மனிதனை அண்டி வாழும் பிராணிகள் என்பது யாவரும் அறிந்ததே. பல்லியின் நிலை வேறு. அது நாம் அழையாமலே நம் வீட்டுச் சுவரில் குடியேறுகிறது. விளக்கை நாடி வரும் பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அத்தகைய பல்லி இனத்தில் ஒன்றை விலை கொடுத்து வாங்கி, அதற்கென இருப்பிடம் அமைத்து, உணவூட்டிப் பல்லாண்டு பேணி வளர்ப்போர் உலகில் உளர் என்றால் நம்மிற் பலர் வியப்படைவர். அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் ஊர்வனவற்றுள் சிறுத்தைப் பல்லியும் ஒன்றாகும்.

'புதியோர்க்கு ஏற்ற பிராணி' என்று விற்போர் இதனைப் புகழ்வர். அது பெரும்பாலும் உண்மையே. சாதுவான குணமும், சிறிய உருவும், சில நாட்களுக்கு ஒருமுறை உண்டால் போதும் என்னும் இயல்பும் இதற்கு உண்டு. ஆனால் எளிதில் வளர்க்கலாம் என்பதற்குக் கவனியாமல் வளர்க்கலாம் என்பது பொருளன்று. இதன் தேவைகள் சிலவே. எனினும் அவற்றுள் ஒன்றும் குறையலாகாது. கன்று பசித்தால் கதறும். நாய் நோயுற்றால் முனகும். இப்பல்லி தன் பசியையும் நோயையும் குரலால் அறிவிப்பதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளியின் கண் அதனை உடனே கண்டுகொள்ளும். இதன் உடலில் நேரும் குறையோ மாதக்கணக்கில் மறைந்திருந்து, திருத்த இயலாத நிலையிலேயே பெரும்பாலும் வெளிப்படும். ஆகவே வாங்கிய பின் கற்பதைக் காட்டிலும், கற்ற பின் வாங்குவதே முறையாகும்.

பிறப்பிடமும் இயல்பும்

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளில் உள்ள வறண்ட, கற்பாங்கான நிலமே இதன் தாயகம். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் காட்சிசாலைக் காப்பாளராக விளங்கிய எட்வர்டு பிளித் என்பார் 1854 ஆம் ஆண்டில் இதனை விஞ்ஞான முறைப்படி விவரித்துப் பெயரிட்டார். குஞ்சுப் பருவத்தில் உடலின் குறுக்கே கரும்பட்டைகள் காணப்படும். வளர வளர அவை சிதறி, மஞ்சள் மேனியில் கரும்புள்ளிகளாக மாறும். இதனாலேயே சிறுத்தை என்னும் பெயர் வந்தது. வளர்ந்த பல்லி தலை முதல் வால் நுனி வரை 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்.

நம் வீட்டுப் பல்லிக்கும் இதற்கும் வேற்றுமைகள் உண்டு. வீட்டுப் பல்லிக்கு அசையும் இமை இல்லை, இதற்கு உண்டு. வீட்டுப் பல்லியின் விரலடியில் சுவரைப் பற்றும் மெத்தைகள் உள்ளன; இதற்கு அவை இல்லாமையால் சுவரிலும் கண்ணாடியிலும் ஏற இயலாது. பகலெல்லாம் பாறை இடுக்கிலும் வளையிலும் பதுங்கியிருந்து, அந்தி சாயும் வேளையில் இரை தேடப் புறப்படும்.

இதன் பருத்த வால் ஒரு களஞ்சியம். உணவு மிகுந்த காலத்தில் கொழுப்பை அதில் சேமித்து வைத்து, உணவு கிடையாத காலத்தில் அதனைக் கொண்டு உயிர் வாழும். அச்சம் நேர்ந்தால் வாலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். புதிய வால் முளைக்குமாயினும் பழைய அழகும் வடிவும் திரும்புவதில்லை. அதுகாறும் சேர்த்த சேமிப்பும் போய்விடும். ஆகவே இதனை வாலைப் பிடித்துத் தூக்குதல் ஒருபோதும் கூடாது.

இதற்கு நஞ்சு கிடையாது. இதன் நெருங்கிய உறவினங்கள் ஒடிசா முதலிய இடங்களில் கொடிய நஞ்சுடையவை எனத் தவறாகக் கருதப்பட்டு, கண்ட இடத்தில் அடித்துக் கொல்லப்படுகின்றன. இவ்வச்சத்திற்குச் சிறிதும் ஆதாரமில்லை.

நன்கு பேணினால் இது 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடும். இன்று பள்ளியில் சேரும் சிறுவனுக்காக வாங்கும் பல்லி, அவன் கல்வி முடித்து வேலைக்குச் செல்லும் காலத்திலும் உயிரோடிருக்கலாம். இப்பொறுப்பை முதலிலேயே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இருப்பிடம்

வளர்ந்த பல்லி ஒன்றுக்கு 90 சென்டிமீட்டர் நீளமும், 45 சென்டிமீட்டர் அகலமும், ஏறத்தாழ அதே அளவு உயரமும் உள்ள பெட்டி ஏற்றது. கண்ணாடியாலும் மரத்தாலும் செய்யலாம். மேலே காற்று புகும் மூடி இருத்தல் வேண்டும். ஒரு பெட்டியில் ஒரு பல்லியே இருக்கலாம். ஆண் பல்லிகள் இரண்டை ஒன்றாக விட்டால் காயமுறும் வரை போரிடும். பெண் பல்லிகளிலும் வலியது மெலிந்ததன் உணவைப் பறித்துக்கொள்வதுண்டு.

பெட்டிக்குள் மூன்று மறைவிடங்கள் தேவை: வெப்பமான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று, ஈரமானது ஒன்று. கவிழ்த்த மண்சட்டியில் வாயில் அமைத்தாலே முதலிரண்டுக்கும் போதும். மூன்றாவதில் நனைத்துப் பிழிந்த பாசியையோ காகிதத் துவாலையையோ இட்டு, உலராமல் காத்து வரவேண்டும்.

தரையில் என்ன பரப்புவது என்பதில் புதியோர் ஏமாறுகின்றனர். பாலைவனப் பிராணி என்று கருதி மணலைக் கொட்டுவோர் பலர். இரையைக் கவ்வும்போது மணலும் உள்ளே சென்று குடலை அடைத்துவிடலாம். குஞ்சுகளுக்கும் நலிந்தவற்றுக்கும் இவ்வபாயம் மிகுதி. சுண்ணாம்பு மணல் என்று கடைகளில் விற்கப்படுவதும் இதற்கு விலக்கன்று. தொடக்கத்தில் காகிதத் துவாலையோ தரை ஓடுகளோ போதும். அவற்றைத் துப்புரவு செய்வதும் எளிது. எச்சத்தைப் பார்த்து உடல்நிலையை அறிவதும் எளிது.

வெப்பம்

நம் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. பல்லி அவ்வாறன்று, சூட்டை வெளியிலிருந்தே பெறவேண்டும். போதிய சூடு இல்லையேல் உண்ட இரை செரியாது வயிற்றிலேயே தங்கிவிடும். ஆகவே பெட்டியின் ஒரு கோடியில் தரையின் வெப்பம் 32 முதல் 34 டிகிரி செல்சியஸும், மறுகோடியில் 24 முதல் 27 டிகிரியும் இருக்குமாறு அமைக்கவேண்டும். தனக்கு வேண்டிய இடத்தைப் பல்லியே தேர்ந்துகொள்ளும். இரவில் வெப்பம் 20 டிகிரி வரை தணியலாம்.

வெப்பம் தரும் விளக்கு, தகடு எதுவாயினும் தெர்மோஸ்டாட் என்னும் கட்டுப்படுத்தும் கருவியோடு இணைத்தே பயன்படுத்தல் வேண்டும். இது இன்றி வைத்த வெப்பத் தகட்டின்மேல் படுத்து வயிறு வெந்துபோன பல்லிகள் உண்டு. சூடேறும் செயற்கைக் கற்களையும் விலக்குக. கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிடாமல், பல்லி படுக்கும் இடத்திலேயே வெப்பமானியை வைத்து அளந்தறிதல் நலம். வெப்ப நாடுகளில் கோடையில் அறையின் சூடே மிகுமாதலால், அங்கே சூடேற்றுவதினும் குளிர்ந்த மூலை ஒன்றைக் காத்துத் தருவதே பெருங்கவலையாகும். பகலில் சுமார் 12 மணி நேரம் வெளிச்சமும், இரவில் முழு இருளும் இருத்தல் வேண்டும். மென்மையான புற ஊதாக் கதிர் விளக்கு நன்மை தருவதாக இப்போது பலரும் கருதுகின்றனர்.

உணவு

இது பூச்சிகளை மட்டுமே உண்ணும். கீரையோ பழமோ இதற்கு உணவாகா. உயிருள்ள சுவர்க்கோழி, வளர்ப்புக் கரப்பான், மாவுப்புழு முதலியன ஏற்றவை. பூச்சியின் பருமன் பல்லியின் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தை மிஞ்சலாகாது. குஞ்சுகளுக்கு நாள்தோறும், வளர்ந்தவற்றுக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறையும் இரையிடலாம். இரையிடுவதற்கு முந்திய நாளே பூச்சிகளுக்குக் காய்கறியும் தானிய மாவும் ஊட்டவேண்டும். பூச்சி உண்டதே பல்லியைச் சேர்கிறது. உண்ணாது எஞ்சிய சுவர்க்கோழிகளை வெளியே எடுத்துவிடுக. அவை உறங்கும் பல்லியைக் கடிப்பதுண்டு. தூய நீர் எப்போதும் இருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு முக்கியச் செய்தி. இப்பூச்சிகளில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணாம்புச் சத்து குறைவு. இக்குறையை ஈடுசெய்யப் பல்லியின் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். நாளடைவில் தாடை தளர்ந்து, கால்கள் வளைந்து, உடல் நடுங்கி, இரையைக் கவ்வவும் வலுவின்றிப் போகும். வளைந்த எலும்பு மீண்டும் நேராவதில்லை. இக்கொடிய நோயைத் தடுக்கும் வழியோ மிகச் சிறியது: இரையிடுமுன் பூச்சிகளைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிக் கொடுத்தலே ஆகும். அச்சத்து உடலில் சேர டி3 வைட்டமின் வேண்டும். புற ஊதா விளக்கு இல்லாத இடத்தில் அவ்வைட்டமின் கலந்த பொடியைக் குறித்த அளவில் தருக. அளவு மிஞ்சினால் அதுவும் தீங்கே.

வயலில் பிடித்த வெட்டுக்கிளியை இடலாமே என்று விவசாய அன்பர்கள் எண்ணக்கூடும். பூச்சிமருந்து தெளித்த வயலின் பூச்சியில் அம்மருந்து தங்கியிருக்கும்; அது பல்லியைக் கொல்லலாம். மின்மினியோ தானே நஞ்சுடையது. மிகச் சிலவே பல்லியின் உயிரைப் போக்கிவிடும்.

தோலுரித்தல்

வளர்ந்த பல்லி ஏறத்தாழ மாதம் ஒருமுறையும், குஞ்சு அடிக்கடியும் தோலுரிக்கும். அப்போது மேனி வெளுத்துக் காணும். உரித்த தோலைத் தானே தின்றுவிடும், அது இயல்பே. உரித்து முடிந்ததும் விரல்களைக் கூர்ந்து நோக்குக. விரலைச் சுற்றி எஞ்சிய தோல் நூல் கட்டியதுபோல் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பின்னர் விரலே உதிர்ந்துவிடும். வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் சிறிது நேரம் நிற்கவிட்டு, ஈரப் பஞ்சால் மெல்ல நீக்கவேண்டும். உலர்ந்த தோலைப் பற்றி இழுத்தலாகாது. ஈர மறைவிடம் காய்ந்துவிடாமல் இருந்தால் இத்தொல்லை பெரும்பாலும் நேராது.

ஒரு குறிப்பேடு

வாய்பேசாப் பிராணிக்காகப் பேசுவது கணக்கே. கிராம் அளவு காட்டும் சிறு தராசில் வாரம் ஒருமுறை பல்லியை நிறுத்து, நாள், எடை, உண்ட இரை, எச்சத்தின் தன்மை, தோலுரித்தல் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரவேண்டும். கண்ணுக்குப் புலனாகாத மெலிவு ஏட்டில் புலனாகும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லி சில வாரங்கள் உணவை மறுத்தாலும், எடை குறையாதிருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. எடை குறைந்து வாலும் சூம்பினால் காலந்தாழ்த்தாது கால்நடை வைத்தியரிடம் காட்டுக. ஊர்வனவற்றின் வைத்தியம் அறிந்தவர் எங்குளர் என்பதைப் பல்லியை வாங்குமுன்பே கேட்டு வைத்தல் அறிவுடைமை.

வால் குச்சியாக மெலியச் செய்யும் தொற்றுநோய் ஒன்று உண்டு. குடலைப் பற்றும் நுண்கிருமியால் வரும் அதற்கு உறுதியான மருந்து இல்லை. ஆகவே புதிதாக வந்த பல்லியை இரண்டு மூன்று மாதங்கள் ஏனையவற்றோடு சேர்க்காமல் தனித்து வைக்கவேண்டும். பல்லியின் எச்சத்தில் மனிதரைத் தாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாமாதலால், தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுதல் கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இதனைத் தொடாதிருத்தல் நன்று.

நிறத்தின் மோகம்

வளர்ப்போர் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதால் வெள்ளை, செம்மஞ்சள் எனப் பல நிறப் பல்லிகள் இன்று உள்ளன. புதுமையான நிறத்திற்கு விலையும் மிகுதி. ஆனால் நிறத்தோடு நோயும் சேர்ந்து வருவதுண்டு. 'எனிக்மா' என்னும் வகை தலை சாய்ந்து, சுழன்று, நிலை தடுமாறும் நரம்புக் கோளாறுக்கு உள்ளாகிறது. 'லெமன் ஃப்ராஸ்ட்' என்னும் எலுமிச்சை நிற வகையில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் கட்டிகள் தோன்றின. அந்நிறத்திற்கும் கட்டிக்கும் ஒரே மரபணு மாற்றமே காரணமாகலாம் என லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2021 ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். கண்ணைக் கவரும் சாயம் நூலை அரித்துவிடுமானால் அச்சேலையை நாம் மெச்சுவோமா? இயற்கை நிறமுள்ள, வால் பருத்த, கண் தெளிந்த, நம் எதிரிலேயே இரை உண்ணும் பல்லியே புதியோர்க்கு ஏற்றது.

வாங்குமுன்

காட்டில் பிடித்த பல்லியை வாங்குதல் கூடாது. அது ஒட்டுண்ணிகளோடும் அச்சத்தோடும் வரும். காட்டிலும் அதன் இனம் குறையும். நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், இத்தகைய பிராணியை வாங்க எண்ணுவோர் முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிந்து, அனுமதி உண்டென்றால் மட்டுமே மேற்கொள்ள வேண்டும். வளர்த்து அலுத்த பல்லியை வெளியில் விட்டுவிடுதலும் பெரும் பிழை.

பல்லி வருவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியை அமைத்து, வெப்பத்தைக் காலையும் மாலையும் அளந்து குறித்து வருக. ஏழு நாளும் அளவு மாறாது நின்றால் பல்லியைக் கொணரலாம். வந்த பின் முதல் இரண்டு வாரம் கையில் எடுக்காமல், உணவும் நீரும் வைத்து விலகியிருக்க வேண்டும். அந்த ஒரு வாரமும் வெற்றுப் பெட்டியின் வெப்பத்தை அளந்து எழுத ஒருவருக்குப் பொறுமை இல்லையாயின், பல்லி வாங்கும் எண்ணத்தை அவர் கைவிடுவதே நலம். அவர்க்குப் பணம் மிஞ்சும். பல்லிக்கு உயிர் மிஞ்சும்.