காட் மீன்: கொழுப்பற்ற சதையும் அதைத் தேடி வரும் எண்ணெயும்

வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் வாழும் காட் மீன், உணவியலார் கொழுப்புக் குறைந்த வெள்ளை மீன் என்று வகுக்கும் மீன்களுள் முதன்மையானது. மத்தியும் அயிலையும் தம் கொழுப்பைத் தசை முழுவதும் பரப்பிச் சேமிக்கின்றன. காட் மீனோ அதைப் பெரும்பாலும் கல்லீரலில் சேர்த்து வைக்கிறது. இதனால் ஒரே மீனின் கல்லீரல் எடையில் பாதிக்கு மேல் எண்ணெயாக இருக்கும்போதும், சதையில் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. இந்த மீனின் ஊட்டம், அதைச் சமைக்கும் முறை, அது உலகச் சந்தைக்குச் சென்ற வரலாறு ஆகிய மூன்றும் இந்த ஒரு உடலியல் உண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

சமைக்காத காட் சதை 100 கிராமில் புரதம் ஏறத்தாழ 18 கிராம் உண்டு. அது தரும் ஆற்றல் 82 கலோரி அளவே. பண்ணையில் வளர்த்த சால்மனில் புரதம் சுமார் 20 கிராம்தான் என்றாலும், கொழுப்பு 13 கிராம் வரை இருப்பதால் கலோரி 200-ஐத் தாண்டிவிடுகிறது. புரதத்தில் பெரிய குறைவின்றிக் கலோரியைக் குறைக்க விரும்புவோருக்குக் காட் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மீன் என்றாலே ஒமேகா-3 நிறைந்தது என்ற பொதுநம்பிக்கை இங்கே திருத்தப்பட வேண்டும்: இதயத்திற்கு நன்மை தருவதாகக் கருதப்படும் அந்தக் கொழுப்பு அமிலங்கள், பண்ணை சால்மனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 கிராம் இருக்க, காட் சதையில் 0.2 கிராம் அளவிலேயே உள்ளன. தைராய்டு சுரப்பிக்கு வேண்டிய அயோடின், உயிரணுக்களைச் சிதைவிலிருந்து காக்கும் நொதிகளுக்குத் தேவையான செலினியம், இரத்த அணுக்கள் உருவாக உதவும் வைட்டமின் பி12 ஆகியவையே இச்சதையின் உண்மையான வலிமை.

அடுப்பங்கரையில் இந்தக் கொழுப்பின்மை கவனத்தைக் கோருகிறது. காட் சதை குறுகிய தசைநார்க் கட்டுகள் அடுக்கடுக்காக அமைந்து, கொலாஜன் எனும் இணைப்புப் புரதத்தாலான மென்படலங்களால் ஒட்டப்பட்டது. மீனின் கொலாஜன் ஆட்டிறைச்சியிலும் மாட்டிறைச்சியிலும் உள்ளதைவிட அளவில் குறைவு. குறைந்த சூட்டிலேயே இளகியும் விடுகிறது. ஆகவே வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிகிறது. உட்பகுதி 55 முதல் 60 டிகிரி செல்சியஸை எட்டும்போது அது ஈரத்தோடு இருக்கும்; அதற்கு மேல் தசைநார்கள் சுருங்கி நீரை வெளியே தள்ள, அந்த வறட்சியை மறைக்கச் சதைக்குள் கொழுப்பு இல்லாததால் மீன் சக்கையாகிவிடும். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல் 63 டிகிரியைக் குறிப்பிடுவதால், பாதுகாப்புக்கும் சுவைக்கும் இடையிலுள்ள எல்லை மிகக் குறுகியது. நார்வேயில் உப்பிட்ட நீரைக் கொதிக்கவைத்துச் சூட்டைத் தணித்த பின்னரே மீன் துண்டுகளை இட்டு, கொதி வராமல் வேகவிடுவது இக்காரணத்தால்தான். சமைப்பதற்கு அரைமணி நேரம் முன்பு சிறிது உப்புத் தூவி வைத்தால் சதை இறுகி, நீரை எளிதில் இழக்காது.

இதே கொழுப்பின்மை, உலர்த்தும்போது பெரும் வரமாகிறது. கொழுப்பு மிகுந்த மீனைக் காற்றில் தொங்கவிட்டால் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து காறிப்போகும்; காட் சதையில் அவ்வாறு கெட எண்ணெயே இல்லை. பேரண்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் காட் மீன்களை நார்வேயின் லோஃபோட்டன் தீவினர் குளிர்காலத்தின் பிற்பகுதியில் பிடித்து, உப்பே இடாமல் மரச் சட்டங்களில் தொங்கவிடுகின்றனர். உறைநிலையை ஒட்டிய குளிரும் கடற்காற்றும் சேர்ந்து மே மாதம் வரை உலர்த்த, கட்டை போல இறுகி ஆண்டுக்கணக்கில் கெடாதிருக்கும் கருவாடு கிடைக்கிறது. 1432-இல் கப்பல் சேதமுற்று ரோஸ்ட் தீவில் ஒதுங்கிய வெனிஸ் வணிகர் பியெட்ரோ குவெரினி, இந்தக் கருவாட்டைத் தம் ஊருக்கு அறிமுகப்படுத்தியவராகக் கருதப்படுகிறார். போர்ச்சுக்கல் விரும்பியதோ உப்பிட்டு உலர்த்திய மற்றொரு வகையை. அதைச் சமைக்கும் முன் ஒன்றிரண்டு நாள் ஊறவைத்துத் தண்ணீரைப் பலமுறை மாற்ற வேண்டும்.

இம்மீனைத் தமதாக்கிக்கொண்ட சமையல் மரபுகள் பலவும், அதன் சதையில் இல்லாத கொழுப்பை வெளியிலிருந்து சேர்த்துள்ளன. போர்ச்சுக்கல்லில் ஆலிவ் எண்ணெய் தாராளமாகச் சேர்கிறது. இத்தாலியின் விச்சென்சாவில் கருவாடு பாலிலும் ஆலிவ் எண்ணெயிலும் மணிக்கணக்கில் மெல்ல வேகிறது. இங்கிலாந்தில் மாவில் தோய்த்துப் பொரிக்கும்போது, மாவுப் போர்வை நேரடிச் சூட்டைத் தடுத்து மீனை உள்ளே ஆவியில் வேகவிடுகிறது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியினர் செய்வது இவற்றுள் தனிச்சிறப்பானது: பூண்டு மணம் ஏறிய ஆலிவ் எண்ணெயில் தோலோடு கூடிய மீனை இட்டுச் சட்டியை இடைவிடாமல் அசைக்க, தோலிலிருந்து இளகும் ஜெலட்டின் எண்ணெயைக் குழைத்துக் கெட்டியான வெண்குழம்பாக்கிவிடுகிறது. எனவே காட் உணவு உடலுக்கு இலேசானதா என்ற கேள்விக்கு மீன் மட்டும் விடை சொல்ல முடியாது. அதனோடு சேரும் எண்ணெயின் வகையும் அளவும் சேர்ந்தே விடை தருகின்றன.

நார்வேயினர் குளிர்காலத்தில் உண்ணும் மோல்யெ எனும் உணவில், வெந்த மீனுடன் அதன் கல்லீரலும் சினையும் உருளைக்கிழங்கோடு பரிமாறப்படுகின்றன. மீன் தன் சதையிலிருந்து ஒதுக்கிவைத்த கொழுப்பு அங்கே தட்டில் மீண்டும் அதனோடு சேர்கிறது. வெளிச்சம் குறைந்த மாதங்களில் இது உடலுக்கு எத்தகைய துணை என்பதை அறிவியல் பின்னரே உணர்ந்தது. 1922-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் எல்மர் மெக்காலம், காட் கல்லீரல் எண்ணெயைச் சூடாக்கிக் காற்றுச் செலுத்தி அதிலிருந்த வைட்டமின் ஏ-யை அழித்த பின்பும், குழந்தைகளின் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயை அது குணப்படுத்தக் கண்டார். அதில் தனியாக உள்ள அந்தப் பொருளே வைட்டமின் டி எனப் பெயர் பெற்றது. தமிழகத்து மருந்துக் கடைகளில் மஞ்சள் நிற மாத்திரையாக விற்கப்படுவதும் இதே எண்ணெய்தான். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் டி-யில் பெரும்பங்குடன், வைட்டமின் ஏ-யும் மிகுதியாக இருப்பதாலும், அளவு மீறிய வைட்டமின் ஏ கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக் கூடும் என்பதாலும், கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேளாமல் இவ்வெண்ணெயை உட்கொள்ளுதல் ஆகாது. காட் சதையை நன்கு வேகவைத்து உண்பதற்கு இந்தத் தடை பொருந்தாது.