செல்லுக்குள் ஒரு பயணம் – 14: பட்டுப்புழு தன் கட்டளைகளை அழிக்கும் நாள்

மைசூருவின் மானந்தவாடி சாலையில் பட்டுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று ஊரறிந்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912-ல் தொடங்கிய நெசவாலை அது. இப்போது கர்நாடக அரசின் பட்டுத் தொழில் கழகம் அதை நடத்துகிறது. சேலை வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதோடு திரும்பிவிடுவார்கள். அதே சாலையில் ஸ்ரீராம்புராவில் இருக்கிறது மற்றொன்று: மத்திய பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம். அங்கே சேலை கிடையாது, புழுதான். இந்த வாரம் நமக்கு வேண்டியதும் அதுவே.

மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தூதைப் படித்துத்தான் ரைபோசோம் புரதம் கட்டுகிறது. ஆனால் படியெடுத்த தூது எவ்வளவு நேரம் பிழைத்திருக்கும்? பாடப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு செல்லில் எந்தப் புரதம் எவ்வளவு இருக்கும் என்பதை எழுதும் வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அழிக்கும் வேகமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இதைக் காட்டப் பட்டுப்புழுவை விடச் சிறந்த உயிரினம் எனக்குத் தெரியவில்லை.

மைசூரு வட்டாரத்திலும், 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்த கொள்ளேகாலிலும் புழு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். முட்டை பொரிந்ததிலிருந்து கூடு கட்டும் வரை ஏறக்குறைய நான்கு வாரம், அதற்குள் நான்கு தோலுரிப்பு. வாழ்நாளில் தின்னும் மல்பெரி இலையில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல், நான்காம் தோலுரிப்பு முடிந்து வரும் ஐந்தாம் பருவத்தில்தான் தீரும். அந்த ஒரு வாரம் வளர்ப்பு மனையில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இருக்காது.

தின்ற இலையெல்லாம் பட்டாவது புழுவின் உடலுக்குள் நீளும் இரண்டு பட்டுச் சுரப்பிகளில். ஒவ்வொன்றின் பின்பகுதியிலும் சுமார் 500 செல்கள்தான். அவை பிரிந்து பெருகுவதில்லை. பருத்து, தம் டி.என்.ஏ.வை மட்டும் பல்லாயிரம் மடங்காக்கிக்கொள்கின்றன. பட்டு இழையின் முக்கியப் புரதமான ஃபைப்ராயின் இங்கேதான் உருவாகிறது.

ஜப்பானியரான யோஷியாகி சுஸுகி, அமெரிக்காவின் பால்டிமோரில் கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறையில் டொனால்ட் பிரவுனுடன் சேர்ந்து, 1972-ல் ஃபைப்ராயினின் தூது ஆர்.என்.ஏ.வைத் தனியே பிரித்தெடுத்தார். அதை அடையாளம் காண்பது எளிதாயிற்று. கிளைசினும் அலனினும் மாறி மாறி வரும் புரதம் அது. அதற்கேற்ப அதன் தூதிலும் ஜி எழுத்து ஏராளம்.

பிரவுனுக்கு ஒரு பழைய சந்தேகம். தவளை முட்டைகளில் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் மரபணுக்கள் மட்டும் தனியாகப் பெருகிக்கொள்வதை 1968-ல் கண்டுபிடித்தவர்களில் அவரும் ஒருவர். இத்தனை பட்டு சுரக்க வேண்டுமானால் பட்டுப்புழுவும் அதே தந்திரத்தைக் கையாளுமோ என்று தேடினார்கள். இல்லை. மற்ற மரபணுக்கள் பெருகும் அளவுக்குத்தான் ஃபைப்ராயின் மரபணுவும் பெருகியிருந்தது. பிறகு எப்படி? அவர்கள் போட்ட கணக்கு இது: ஒரு மரபணு சில நாட்களில் ஏறக்குறைய 10,000 தூதுகளை எழுதுகிறது. ஒவ்வொரு தூதும் ஏறக்குறைய ஒரு லட்சம் புரதங்களைக் கட்டுகிறது. ஆக, ஒரு மரபணுவிலிருந்து நூறு கோடி. தூது நாள்கணக்கில் சிதையாமல் இருந்தால்தான் இது நடக்கும்.

இது எவ்வளவு பெரிய ஆயுள் என்பது ஒப்பிட்டால் தெரியும். பாக்டீரியாவின் தூதுகள் பெரும்பாலும் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். நம் உடலில் ஃபாஸ் என்ற மரபணுவின் தூது கால் மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது. செல் பிரிவதைத் தூண்டும் கட்டளை அது. நீடித்தால் புற்றுநோயில் கொண்டுபோய் விடக்கூடும். ஹீமோகுளோபினுக்கான குளோபின் தூதோ ஒரு நாளையும் தாண்டும். கொரோனா தடுப்பூசிகளை வடிவமைத்தவர்கள் குளோபின் தூதின் ஓரப் பகுதிகளைக் கடன் வாங்கியது காரணத்தோடுதான்.

அழிப்பு எப்படி நடக்கிறது? தூதின் தலையில் ஒரு தொப்பி, கடைசியில் ஏ எழுத்துகள் மட்டுமே கொண்ட நீண்ட வால். இரண்டும் இருக்கும்வரை நொதிகள் உள்ளே புக முடியாது. முதலில் வால் நுனியிலிருந்து, மைசூரு ஊதுவத்தி எரிவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. வால் மிகவும் குட்டையானதும் வேறொரு நொதி தொப்பியைக் கழற்றுகிறது. அதன்பின் எக்ஸ்ஆர்என்1 என்ற நொதி தலையிலிருந்து வெட்டிக்கொண்டே போகும். எதிர்த்திசையில், வால் பக்கமிருந்து அரிக்கும் எக்ஸோசோம் என்ற நொதிக் கூட்டமும் உண்டு. இந்த வரிசையை ஈஸ்டில் தெளிவாக்கியதில் ராய் பார்க்கரின் ஆய்வகத்துக்குப் பெரும் பங்கு. வால் எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும் என்பதைத் தூதில் உள்ள சில எழுத்துத் தொடர்களும், அவற்றில் வந்து ஒட்டும் புரதங்களும் முடிவு செய்கின்றன. ஃபாஸ் போன்ற குறுகிய ஆயுள் தூதுகளில் ஏ, யு எழுத்துகள் மண்டிய ஒரு பகுதி இருக்கும்.

மீண்டும் புழுவுக்கு வருவோம். மேகாவாவும் சுஸுகியும் 1980-ல் வெளியிட்ட ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தோலுரிப்பு தொடங்கும்போது ஃபைப்ராயின் மரபணு எழுதுவதை நிறுத்திவிடுகிறது. அதோடு முடியவில்லை. அதுவரை எழுதிச் சேர்த்திருந்த தூதுகளும் சிதைக்கப்படுகின்றன. தோலுரித்துவிட்டுப் புழு இலை தின்னத் தொடங்கியதும் எழுத்து புதிதாக ஆரம்பமாகிறது. ஒவ்வொரு பருவத்திலும் இதே நிறுத்தம், இதே தொடக்கம்.

கவனியுங்கள்: ஐந்தாம் பருவத்தில் நாள்கணக்கில் நிலைத்து நிற்பதும், அதற்கு முந்தைய தோலுரிப்பில் இல்லாமல் போவதும் ஒரே தூதுதான். அதன் எழுத்துகளில் எந்த மாற்றமும் இல்லை. ஆகவே ஆயுள் என்பது தூதோடு பிறந்த குணம் மட்டுமல்ல. செல் அப்போது இருக்கும் நிலைமையும் சேர்ந்து அதை நிர்ணயிக்கிறது.

வளர்ப்பு மனையின் நடைமுறையும் இதோடு ஒத்துப்போகிறது. புழுக்கள் தோலுரிப்புக்கு அமர்ந்ததும் இலை போடுவதை நிறுத்தி, படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவி உலர வைப்பார்கள். ஏறத்தாழ எல்லாப் புழுக்களும் தோலுரித்து எழுந்த பிறகே அடுத்த இலை. சில புழுக்களுக்கு மட்டும் முந்திக்கொண்டு இலை போட்டால் வளர்ச்சி ஒரே சீராக இருக்காது. பட்டுச் சுரப்பியின் மூலக்கூறுகளைப் பற்றி யாரும் எழுதும் முன்பே வந்த வழக்கம் இது.

தூதின் ஆயுளைக் குறைக்க செல்லிடம் இன்னொரு கருவியும் இருக்கிறது: சுமார் 22 எழுத்துகளே கொண்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. அதைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.