நான்கு சக்கரங்களும் ஒரு கணக்கும்

டயர் மாற்றுவது ஒரு பெரிய காரியமா, தேய்ந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்ட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். மிதிவண்டிக்கு அது பொருந்தும். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கின்ற சிறு டிராக்டருக்கு அது பொருந்தாது. அதில் பொருத்தமில்லாத இரண்டு டயர்களைப் பூட்டினால், டயர் மட்டும் கெடுவதில்லை. வண்டியின் வயிற்றுக்குள் இருக்கும் இரும்புப் பற்சக்கரமே உடைந்து போகும். ரப்பர் எப்படி இரும்பை உடைக்கும் என்று வியப்பாக இருக்கிறதல்லவா? நம் பெற்றோரில் பலர் தோட்டமும் வயலும் உடையவர்கள். ஆகையால் இதை விளக்க முயல்கிறேன்.

முதலில் சிறு டிராக்டர் என்பது யாது எனக் காண்போம். எங்கள் பெரியப்பா தோட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. திராட்சைக் கொடியைக் கல்தூண் நட்டு, கம்பி கட்டி, பந்தல் போட்டுப் படர விடுவார்கள். பந்தல் ஆள் உயரத்துக்குச் சற்றே மேலே இருக்கும். பெரிய டிராக்டர் அதற்குள் நுழைந்தால் கொடியும் போகும், ஓட்டுபவரின் தலைப்பாகையும் போகும்! குள்ளமான, அகலம் குறைந்த சிறு டிராக்டர்தான் அங்கே உழவும் மருந்து தெளிக்கவும் உதவுகிறது. எடை குறைந்த வண்டியாதலால் ஈர மண்ணில் பின்சக்கரங்கள் மட்டும் இழுத்தால் வழுக்கும். அதனால் முன்சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசையைக் கொடுத்திருக்கிறார்கள். வேண்டும்போது ஒரு லீவரைத் தள்ளி நான்கையும் சேர்க்கலாம், வேண்டாதபோது விடுவிக்கலாம்.

இடையில் ஒரு செய்தி. டிராக்டருக்கு எப்போதும் ரப்பர் டயர் இருந்ததில்லை. தொடக்கத்தில் பற்கள் வைத்த இரும்புச் சக்கரங்களே இருந்தன. 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தன்னுடைய 'யு' மாதிரி டிராக்டரைக் காற்றடைத்த டயர்களுடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வயலில் ரப்பர் நிற்குமா என்று அன்று பலர் ஐயப்பட்டனராம். அந்த ஐயத்தைப் போக்க அடுத்த ஆண்டே அந்த டிராக்டரைப் பந்தயக் கார் போல ஓட்டிக் காட்டினார்கள்!

இனி நம் பொருளுக்கு வருவோம். சிறு டிராக்டரில் முன்சக்கரம் சிறியது, பின்சக்கரம் பெரியது. இரண்டும் ஒரே வண்டியில் இருப்பதால் ஒரே நேரத்தில் ஒரே தூரத்தைத்தான் கடக்க வேண்டும். ஆகவே சிறிய சக்கரம் அதிகச் சுற்றுகள் சுற்றியாக வேண்டும். அக்காவும் தங்கையும் கைகோத்து நடந்தால் தங்கை அதிக அடி எடுத்து வைக்கிறாள் அல்லவா, அதுபோலத்தான். எத்தனை சுற்று அதிகம் என்பதை வண்டி செய்தவர்கள் முன்பே கணக்கிட்டு, பற்சக்கரங்களின் மூலம் நிலையாக அமைத்துவிடுகிறார்கள். லீவரைப் போட்டபின் அந்த விகிதம் மாறவே மாறாது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே விட்டுக்கொடுக்கும் உறுப்பு எதுவும் இவ்வகை வண்டிகளில் இல்லை. சிக்கல் முழுவதும் பிறப்பது இந்த இடத்தில்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. பின்டயர் ஒரு சுற்றில் 270 செ.மீ. தூரம் உருள்வதாகவும், முன்டயர் ஒரு சுற்றில் 200 செ.மீ. உருள்வதாகவும் கொள்வோம். பின்சக்கரம் ஒரு முறை சுற்றும்போது முன்சக்கரம் 1.39 முறை சுற்றுமாறு பற்சக்கரங்கள் உள்ளன. அப்படியானால் முன்டயர் உருள விரும்பும் தூரம் 200 × 1.39 = 278 செ.மீ. பின்டயரோ 270 செ.மீ.தான் உருள்கிறது. 8 செ.மீ. அதிகம், அதாவது ஏறத்தாழ 3 சதவீதம்.

இது பிழையன்று, வேண்டுமென்றே வைத்தது. முன்சக்கரம் சிறிது முந்தினால்தான் அது வண்டியை இழுக்கும். பிந்தினால் பின்சக்கரம் தள்ளத் தள்ள முன்சக்கரம் பிரேக் போட்டது போல் தடுத்து நிற்கும். மேலும் வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. அதற்கும் இந்த முந்துதல் தேவைப்படுகிறது. பொதுவாக 1 முதல் 5 சதவீதம் வரை முந்தலாம் என்பர். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. 5க்கு மேல் ஏறினால் முன்டயர் மண்ணை வீணாகச் சுரண்டித் தேயும்.

இப்போது எங்கள் பெரியப்பாவுக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். அவருடைய டிராக்டரில் முன்டயர் 7.00-12, பின்டயர் 8.3-20. பின்டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. கடைக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, 9.5-20 போடுங்க, அதே ரிம்முக்குத்தான், இன்னும் நல்லா இழுக்கும்" என்று கூறி விற்றுவிட்டார். ரிம்மில் அது உட்கார்ந்ததும் உண்மை, பார்க்க அழகாக இருந்ததும் உண்மை. ஆனால் ஒரு சுற்றுக்கு 270 உருண்ட இடத்தில் அது 284 செ.மீ. உருண்டது. மேலே சொன்ன விகிதப்படி முன்சக்கரம் உருள்வது 278 செ.மீ. தான். முந்த வேண்டியது 2 சதவீதம் பிந்திவிட்டது! சில நாட்களில் லீவர் இறுகிக்கொண்டு விடுபட மறுத்தது. முன்டயர்கள் இரண்டும் ஒரே பருவத்தில் மொட்டையாயின. ஒரு நாள் தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும்போது முன் அச்சின் உள்ளே படீரென்று ஓர் ஓசை. பற்சக்கரம் உடைந்திருந்தது. அந்த ஆண்டுத் திராட்சை வருமானத்தில் ஒரு பெரும் பகுதி அந்த ஓசையோடு போயிற்று. பெரியம்மா தம் சங்கிலியை அடகு வைத்ததும் அப்போதுதான்.

அந்த வண்டியைப் பழுது பார்த்த மெக்கானிக் மாமாதான் எனக்கு இக்கணக்கைத் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினார். முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் உருள விரும்பி ஒன்றையொன்று இழுக்கும்போது, நடுவிலுள்ள தண்டு முறுக்கேறுகிறது. (தின்னும் முறுக்கு அல்ல!) உழுத மண்ணில் டயர் சற்று வழுக்கி அந்த முறுக்கை அவிழ்த்துவிடும். தார்ச்சாலையிலோ சிமெண்டுத் தரையிலோ டயர் வழுக்காது. அங்கே முறுக்கு ஏறிக்கொண்டே போய், மிகவும் வலுவிழந்த உறுப்பை உடைக்கிறது. டயர்கள் சரியாகவே இருந்தாலும் சாலையில் செல்லும்போது லீவரை விடுவித்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

சரி, அப்படியானால் பழைய டயரில் எழுதியிருக்கும் எண்ணையே கேட்டு வாங்கினால் போதுமா? அதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது. 8.3-20 என்றால் டயரின் அகலம் 8.3 அங்குலம், ரிம்மின் விட்டம் 20 அங்குலம் என்பதே பொருள். ஒரு சுற்றில் எவ்வளவு உருளும் என்று அது சொல்வதில்லை. ஒரே எண்ணுள்ள டயர்கள் இரண்டு கம்பெனிகளில் சில செ.மீ. வேறுபடலாம். டயரின் மேலே தடித்து நிற்கும் ரப்பர் பற்களைப் பட்டன் என்பர். அதன் வகையைப் பொறுத்தும் உருளும் தூரம் மாறும். ஆர்-1 என்பது சாதாரண உழவுக்கான டயர். ஆர்-2 என்பது சேற்று வயலுக்கானது. அதன் பட்டன்கள் மிக உயரமானவை. ஆர்-3 புல்வெளிக்கு, ஆர்-4 கட்டட வேலைகளுக்கு. முன்னே ஒரு வகை, பின்னே ஒரு வகை என்று கலப்பது தொல்லையை விலை கொடுத்து வாங்குவதாகும்.

தேய்மானமும் ஒரு கள்ளன். பட்டன் 2 செ.மீ. தேய்ந்தால் சக்கரத்தின் ஆரம் 2 செ.மீ. குறைகிறது. நம் கணக்குப் பாடத்தின்படி சுற்றளவில் குறைவது 2 × 22/7 × 2, அதாவது ஏறத்தாழ 12½ செ.மீ. முன்டயர் மட்டும் இவ்வளவு தேய்ந்து பின்டயர் புதிதாக இருந்தால், எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் முன்சக்கரம் 3 சதவீதத்துக்கு மேல் பிந்திவிடும். நான்கும் ஒரே அளவு தேய்ந்தால் பரவாயில்லை என்றுதான் நானும் எண்ணினேன். மெக்கானிக் மாமா சிரித்தார். 270இல் 6 போவதும் 200இல் 6 போவதும் ஒன்றா என்று கேட்டார். ஆம், சிறிய சக்கரத்துக்கே இழப்பு அதிகம். நான்கும் 1 செ.மீ. தேய்ந்தால் 3 சதவீத முந்துதல் 2 சதவீதமாகக் குறைகிறது.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே அளந்துவிட வேண்டும். டயரைச் சுற்றி நூல் பிடித்து அளப்பது சரியன்று. வண்டியின் எடையில் டயர் அமுங்கி உருள்வதால் உண்மையான தூரம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். நான்கிலும் கையேட்டில் சொன்னபடி காற்று இருக்கட்டும். சமமான கெட்டித் தரையில் லீவரை விடுவித்து, ஒவ்வொரு டயரிலும் சாக்பீஸ் கோடு போட்டு, பெரியவர் ஒருவர் மெதுவாக நேராக ஓட்ட, 10 சுற்றுக்கான தூரத்தை நாடாவால் அளந்து பத்தால் வகுத்தால் போதும். பிறகு உழுத மண்ணில் லீவரைப் போட்டு நேராக ஓட்டச் சொல்லிச் சுற்றுகளை எண்ணுங்கள். பின்சக்கரம் 20 சுற்று சுற்றும்போது முன்சக்கரம் 27.8 சுற்று சுற்றினால், 27.8ஐ 20ஆல் வகுக்க 1.39 வரும். அதுவே பற்சக்கர விகிதம். எண்ணுபவர் வண்டிக்கு அருகே ஒட்டி நடக்கக் கூடாது. பாவாடையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கும். எங்கள் வீட்டில் என்னை வரப்பின் மேல் நிற்க வைத்துத்தான் எண்ணச் சொன்னார்கள்.

இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் எந்தக் கடைக்காரரிடமும் தயங்காமல் பேசலாம். டயர் கம்பெனிகளின் அளவுப் பட்டியலில் ஒவ்வொரு டயரும் ஒரு சுற்றில் உருளும் தூரத்தைப் பார்க்கலாம். பட்டியல் கிடைக்காவிட்டால் அதே டயர் பூட்டிய வேறொருவர் வண்டியை அளக்கலாம். முன்டயரின் தூரத்தை விகிதத்தால் பெருக்கி, பின்டயரின் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 1.01க்கும் 1.05க்கும் இடையில் வந்தால் வாங்கலாம். 1.00க்குக் கீழே வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

நான்கையும் ஒரே கம்பெனியில், ஒரே வகையில், ஒரே நாளில் மாற்றுவதே மேல். எல்லார் கையிலும் அவ்வளவு பணம் இராது. அப்போது முன்னிரண்டை மட்டும் புதிதாக்குவது ஓரளவு பாதுகாப்பானது. அப்படிச் செய்தால் முன்சக்கரம் முந்துமே ஒழியப் பிந்தாது. ஆனால் பின்டயர் மிகவும் தேய்ந்திருந்தால் 5ஐத் தாண்டிவிடும், அளந்து பார்த்தே செய்ய வேண்டும். இடது பக்கம் புதியது, வலது பக்கம் பழையது என்று ஒரே அச்சில் போடுவது எந்த நிலையிலும் கூடாது. ஒரே அச்சில் ஒன்றில் சாதாரண நைலான் டயரும் மற்றதில் ரேடியல் டயரும் ஆகாது. டயரின் பக்கச் சுவரில் அம்புக்குறி இருக்கும். வண்டி முன்னே செல்லும் திசையை அது காட்ட வேண்டும். சரியாகப் பூட்டியிருந்தால், வண்டியின் பின்னே நின்று பார்க்கும்போது பட்டன்கள் கூரை முகடு போல மேல்நோக்கிக் கூடும். பஞ்சர் கடையில் அவசரத்தில் திருப்பிப் பூட்டிவிடுவது உண்டு. அதனால் வண்டியைக் கடையிலிருந்து எடுக்குமுன் பின்னால் போய் ஒரு முறை நின்று பார்ப்பது நல்லது.

பெரியப்பாவின் வண்டிக்கு இவ்வாண்டு நான்கு டயர்களும் புதிதாக வந்தன. பின்னே மீண்டும் 8.3-20தான். அளந்ததில் விடை 1.03.