விளம்பரத்துக்கு நாங்க பொறுப்பில்லீங்க!

"அண்ணே, தாய்லாந்துல மாசம் எண்பதாயிரம் சம்பளமாம். டேட்டா என்ட்ரி. சாப்பாடு, ரூம் ஃப்ரீ. போய்ட்டு வரட்டுமா?"

புதுக்கோட்டை கீழ ராஜ வீதி டீக்கடையில் பக்கத்தில் இருந்த தம்பி செல்போனை நீட்டினான். அறந்தாங்கிப் பக்கத்துப் பையன். எங்கள் ஆபீஸில் டெம்பரரி கிளார்க். விளம்பரத்தில் கோட் சூட் ஆசாமி ஒருவர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். பின்னால் விமானம். கம்பெனி பெயர் கிடையாது. விலாசம் கிடையாது. வாட்ஸ்அப் நம்பர் மட்டும் கொட்டை எழுத்தில்!

"எவ்வளவு கேக்கறான்?"

"ஒன்றரை லட்சம்ண்ணே. அக்கா செயினை வச்சா தேறிடும்."

எனக்கு டீ கசந்தது.

வெளிநாட்டு வேலை எங்கள் மாவட்டத்துக்குப் புதுசில்லை. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஆள் போகாத ஊரே இல்லை. அந்தக் காலத்து ஏஜென்ட் உள்ளூர்க்காரராக இருப்பார். ஏமாற்றினால் அவர் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றவாவது முடியும். இப்போது யார் வாசலில் தூற்றுவது?

"இதை நீயா தேடினியா?"

"இல்லண்ணே. நேத்து பாஸ்போர்ட் பத்திப் பார்த்தேன். இன்னிக்கு அதுவா வந்துச்சு."

அதுவாக வரவில்லை. அனுப்பி வைத்திருக்கிறார்கள்!

2022 செப்டம்பரில் மத்திய வெளியுறவு அமைச்சகமே இதைப் பற்றி எச்சரித்தது. தாய்லாந்தில் வேலை என்று சமூக வலைத்தள விளம்பரம் மூலமாகவும் ஏஜென்ட் மூலமாகவும் இளைஞர்களை இழுத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்துகிறார்கள் என்றது. மியாவாடி என்ற இடத்தில் அடைத்து வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, ஊர் உலகத்தை ஏமாற்றச் சொல்வார்கள். மாட்டேன் என்றால் அடி. அப்படி மாட்டிய தமிழக இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் மீட்டு வந்த இந்தியர்கள் மட்டும் 549 பேர்.

சரி, விளம்பரம் போட்டவன் திருடன். காசு வாங்கிக்கொண்டு அதைக் காட்டியவன்?

நம் வாரப் பத்திரிகைகளில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும். 'விளம்பரங்களுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல.' ஆனாலும் பத்திரிகைக்கு ஆபீஸ் உண்டு, அச்சிட்டவர் பெயர் உண்டு. வலைத்தளங்கள் கையில் இருப்பது அதைவிடப் பெரிய குடை. 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ம் பிரிவு. 'நாங்க வெறும் தபால்காரர். கடுதாசிக்குள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கென்ன தெரியும்?' என்று அவர்கள் சொல்ல அது இடம் கொடுக்கிறது.

ஆனால் அதிலேயே ஒரு நிபந்தனை. யாருக்குப் போகவேண்டும் என்று தபால்காரர் தேர்ந்தெடுக்கக் கூடாது. பாஸ்போர்ட் பற்றிப் பார்த்த பையனாகப் பொறுக்கி, காசு வாங்கிக்கொண்டு கடுதாசி கொடுப்பவர் தபால்காரரா, தரகரா? 2023 ஆகஸ்டில் டிரேட்மார்க் வழக்கு ஒன்றில் டெல்லி ஹைகோர்ட் இதைத்தான் சொன்னது. விளம்பரத் தொழிலில் கூகுள் சும்மா வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லையாம். 2017-ல் முடிந்த வேறொரு வழக்கு கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் விளம்பரங்கள் பற்றியது. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றையும் சுப்ரீம் கோர்ட் உலுக்கி எடுத்தது. தடுக்கவே முடியாது என்பதெல்லாம் சும்மா. உலுக்கினால் முடிகிறது!

உலுக்காவிட்டால்? 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியைப் பாருங்கள். ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனி மெட்டா, 2024 வருமானத்தில் சுமார் 10 சதவிகிதம், அதாவது 1,600 கோடி டாலர், மோசடி மற்றும் தடை செய்யப்பட்ட சரக்கு விளம்பரங்களால் வரும் என்று தன் உள் ஆவணத்திலேயே கணக்குப் போட்டிருந்ததாம். விளம்பரதாரர் மோசடிக்காரர் என்று 95 சதவிகிதம் உறுதியானால்தான் தடை. அதற்குக் கீழே வெறும் சந்தேகம் என்றால்? கூடுதல் கட்டணம்! அது தோராயமான, மிகைப்பட்ட மதிப்பீடு என்று மெட்டா மறுத்தது.

சிங்கப்பூர் அரசு 2025 செப்டம்பரில் மெட்டாவுக்கு ஓர் உத்தரவு போட்டது. ஃபேஸ்புக்கில் அரசுப் பிரமுகர் வேஷம் போடும் மோசடிகளைத் தடுக்காவிட்டால் 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். நம் ஆட்கள் வேலைக்குப் போகும் ஊர் செய்வதை நாமும் செய்தால் என்ன?

வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும் என்பது 1983-ம் ஆண்டு குடியேற்றச் சட்டம். விளம்பரத்தில் லைசென்ஸ் நம்பர் வேண்டும். கட்டணம் 30 ஆயிரமும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு மேல் கூடாது. இ-மைக்ரேட் தளத்தில் பட்டியல் இருக்கிறது. லைசென்ஸ் நம்பர் இல்லாத வேலை விளம்பரத்தை வாங்க மாட்டோம் என்று வலைத்தளங்கள் ஒரு விதி போட்டால் போதுமே! பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே போன் செய்யலாம். ஆளே போய்விட்டால்?

டீக்கடையிலேயே பட்டியலைத் தேடினோம். அவன் ஏஜென்ட் பெயரே இல்லை. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நல்லவேளைண்ணே, இன்னும் செயினைக் கேக்கலை."

விளம்பரத்தைப் பற்றி அந்தத் தளத்துக்கே புகார் அனுப்பினேன். 'எங்கள் விதிமுறைகளை இது மீறவில்லை' என்று பதில் வந்தது. நன்றி வேறு சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலை என் போனைத் திறந்தால், அதே கோட் சூட் ஆசாமி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். தாய்லாந்து பற்றி நானும் தேடினேன் இல்லையா?

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. டேட்டா என்ட்ரிக்குக் கூப்பிடுகிறார்!