ஒரே துப்பாக்கி, இரண்டு வழக்கு

அமெரிக்க அரசியலமைப்பின் 5-வது திருத்தம், ஒரே குற்றத்துக்கு ஒருவர்மேல் இரண்டு முறை வழக்கு நடத்தக் கூடாது என்கிறது. ஆனால் அலபாமாவில் நடந்ததைப் பாருங்கள். முன்பு கொள்ளை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர் துப்பாக்கி வைத்திருந்தார். மாநில நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அதே துப்பாக்கிக்காக மத்திய அரசும் தனியாக வழக்குப் போட்டது. 2019-ல் உச்ச நீதிமன்றம், இது செல்லும் என்று 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

அதெப்படி? அங்கே குற்றம் என்பது செய்த செயல் மட்டும் இல்லை. யாருடைய சட்டத்தை மீறினோம் என்பதும் சேர்ந்ததுதான். மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் தனித்தனி இறையாண்மை. சட்டமும் வேறு, நீதிமன்றமும் வேறு. மாநிலத்தின் அதிகாரம் மத்திய அரசு கொடுத்தது கிடையாது.

சரி, நகராட்சியும் மாநிலமும் இப்படி ஆளுக்கொரு வழக்கு போடலாமா? கூடாது என்றது 1970-ல் வந்த ஒரு ஃபுளோரிடா தீர்ப்பு. ஏன்னா நகராட்சிக்கு அதிகாரம் கொடுத்ததே மாநிலம்தான்.

இதில் இன்னொரு விளைவும் இருக்கு. ஜனாதிபதி மன்னிப்பு கொடுத்தாலும் மத்திய வழக்கு மட்டும்தான் போகும். மாநிலம் கொடுத்த தண்டனை அப்படியே நிற்கும்.