முதல் பாகம் கடைசியில் வந்தது

1897 மார்ச் மாதத்தில் ஓர் இரவு. ரஷ்யாவின் அன்றைய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு புதிய சிம்பொனியின் அரங்கேற்றம் நடந்துகொண்டிருக்கிறது. அதை எழுதிய 23 வயது இளைஞர் அரங்குக்குள் இல்லை. இரும்புப் படிக்கட்டு ஒன்றில் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறார். அவ்வப்போது இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்கிறார். உள்ளே ஒலிப்பது அவருடைய சொந்த இசை. அதைக் கேட்கத்தான் அவரால் முடியவில்லை.

அந்த இளைஞர் செர்கேய் ரஹ்மானினோவ். அதுவரை இசையமைப்பாளராகப் பெரிய தோல்வி எதையும் கண்டிராதவர். 19 வயதில் மாஸ்கோ இசைக் கல்லூரியை முடித்தபோது தேர்வுக்காக அவர் எழுதிய ‘அலேகோ’ என்ற ஓரங்க இசை நாடகத்துக்குப் பெரிய தங்கப் பதக்கம் கிடைத்தது. மூன்று வாரம்கூட எடுத்துக்கொள்ளாமல் எழுதிய நாடகம் அது. மறு ஆண்டே மாஸ்கோவின் புகழ்பெற்ற பல்ஷோய் அரங்கில் மேடையேறியது. அந்தப் பையனை மாபெரும் இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியே தட்டிக்கொடுத்தார். இப்படி ஏறுமுகமாகவே போய்க்கொண்டிருந்தவருக்கு, முதல் சிம்பொனிதான் தன் பெயரை நிலைநிறுத்தப்போகிறது என்ற எண்ணம் இருந்திருக்கும். 1895-இல் பல மாதம் உழைத்து எழுதிய படைப்பு அது.

அந்த இரவில் என்ன நடந்தது? ஒத்திகை போதவில்லை. நடத்துநர் கிளாசுனோவ் நல்ல இசையமைப்பாளர், ஆனால் இந்த இசையில் அவருக்கு ஒட்டுதல் இல்லை. அவர் குடித்திருந்தார் என்று ரஹ்மானினோவின் மனைவி பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். அதற்கு உறுதியான சான்று கிடையாது. ஒத்திகையைக் கேட்ட மூத்த இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ், இந்த இசை தனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பத்திரிகையில் வந்த செசார் குயியின் விமர்சனமோ இன்றுவரை பேசப்படுகிறது. நரகத்தில் ஓர் இசைக் கல்லூரி இருந்து, எகிப்தைத் தாக்கிய வாதைகளைப் பற்றி அங்கே படிக்கும் மாணவன் ஒருவன் சிம்பொனி எழுதினால் இப்படித்தான் இருக்கும், நரகவாசிகளும் அதை ரசிப்பார்கள் என்கிற பாணியில் அவர் எழுதியிருந்தார்.

இந்த விமர்சனம்தான் ரஹ்மானினோவை முடக்கிப்போட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். சில வாரம் கழித்து நண்பர் ஒருவருக்கு அவரே எழுதிய கடிதம் வேறு கதை சொல்கிறது. கச்சேரி தோற்றதோ, பத்திரிகைகள் திட்டியதோ தன்னைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்கிறார். தான் உயிராய் நேசித்த சிம்பொனி, முதல் ஒத்திகையில் காதில் விழுந்தபோது தனக்கே பிடிக்காமல் போனதுதான் வேதனை என்கிறார். கோளாறு இசையிலா, வாசித்த விதத்திலா என்று பிரித்தறிய அவரால் முடியவில்லை.

கலைஞரின் தன்னம்பிக்கை உடையும் இடம் இதுதான். அடுத்தவர் சொல்லும் சொல் சுடும், ஆனால் நாளடைவில் ஆறிவிடும். இந்த ஸ்வரம் சரி, இந்த வரி தவறு என்று உள்ளே இருந்து சொல்லிக்கொண்டிருந்த காதே பொய் சொல்லிவிட்டதோ என்ற சந்தேகம் வந்துவிட்டால், அடுத்த ஸ்வரத்தை எதை நம்பி எழுதுவது? எழுதியதைப் பரணில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களுக்கு இந்த நிலை நன்றாகத் தெரியும். பக்கவாதம் வந்து, தலையும் கையும் நெடுநாள் செயலிழந்துபோன மனிதனைப் போல் அப்போது இருந்தேன் என்று ரஹ்மானினோவ் 20 ஆண்டு கழித்து எழுதினார்.

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், சில சின்னஞ்சிறு உருப்படிகளைத் தவிர, அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

ஆனால் அந்த மூன்று ஆண்டும் அவர் சும்மா இருக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு மாஸ்கோவில் மாமன்தவ் என்ற செல்வந்தர் நடத்திய தனியார் இசை நாடகக் குழுவில் துணை நடத்துநராகச் சேர்ந்தார். முதல் ஒத்திகையிலேயே தடுமாற்றம். இசைக்குழு ஒழுங்காக வாசித்தது. பாடகர்கள் மட்டும் கண்டபடி உள்ளே நுழைந்தார்கள். எந்த இடத்தில் பாட ஆரம்பிக்க வேண்டும் என்று ஒவ்வொரு பாடகருக்கும் நடத்துநர் கைகாட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவே இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஷாலியாபின் என்ற மாபெரும் பாடகரின் நட்பு அங்கேதான் கிடைத்தது. 1899-இல் லண்டனுக்குப் போய்க் கச்சேரி நடத்தினார், பியானோ வாசித்தார். அடுத்த முறை வரும்போது புதிய கான்செர்ட்டோ ஒன்றைக் கொண்டுவருவதாக வாக்கும் கொடுத்தார். பியானோ போன்ற தனி வாத்தியம் ஒன்றும் முழு இசைக்குழுவும் எதிரும் புதிருமாக உரையாடும் நீண்ட உருப்படிக்குத்தான் கான்செர்ட்டோ என்று பெயர். வாக்குக் கொடுத்துவிட்டாரே தவிர, கை ஓடவில்லை.

அவரைத் தேற்றுவதற்காக, வேண்டியவர்கள் டால்ஸ்டாயிடம் அனுப்பிவைத்தார்கள். ரஹ்மானினோவுக்கு டால்ஸ்டாய் கடவுள் மாதிரி. 1900 ஜனவரியில் ஷாலியாபின் பாட, ரஹ்மானினோவ் பியானோ வாசிக்க, டால்ஸ்டாய் வீட்டில் ஒரு சிறு கச்சேரி நடந்தது. கூடியிருந்தவர்கள் கைதட்டத் தொடங்கி, கிழவரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். இப்படிப்பட்ட இசை யாருக்காவது தேவையா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. பிறகு அவர் மன்னிப்பும் கேட்டார் என்கிறார்கள். அந்த வீட்டுப் படியை ரஹ்மானினோவ் மறுபடி மிதிக்கவில்லை. ஆறுதல் தேடிப் போகிறவர், தான் போகும் இடத்தை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது!

சரியான ஆள் வேறொரு வாசலில் இருந்தார். நிக்கோலாய் டால், மனநோய்களுக்கு அறிதுயில் முறையில் சிகிச்சை தந்த மாஸ்கோ மருத்துவர். இசைப் பித்து கொண்டவர், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை ஆசைக்கு வாசிப்பவர். 1900 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ரஹ்மானினோவ் அவரிடம் அன்றாடம் போனார். சாய்வு நாற்காலியில் அரைத்தூக்கத்தில் கிடந்தவரிடம், கான்செர்ட்டோவை எழுதத் தொடங்கப்போகிறாய், எளிதாக எழுதப்போகிறாய், அது அருமையாக வரப்போகிறது என்று மருத்துவர் நாள்தோறும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். பின்னாளில் ரஹ்மானினோவ் சொன்னதாகப் பதிவான தகவல் இது.

அறிதுயில் செய்த அற்புதம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் டால் முதலில் கவனித்தது நோயாளியின் தூக்கத்தை, பசியை, பகல் நேர மனநிலையை. இசை எழுதும் ஆசை அதற்குப் பிறகுதான் வந்தது. அதோடு, அந்த அறையில் அவர்கள் இசையைப் பற்றி நீண்ட நேரம் பேசியிருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்லாத, இசை தெரிந்த ஒருவர் மாதக்கணக்கில் காதுகொடுத்துக் கேட்டார். தன் காதை நம்ப முடியாதவருக்கு, இன்னொருவரின் காது கொஞ்ச காலம் கடனாகக் கிடைத்தது. மருந்தில் பாதி அதுதான் என்று தோன்றுகிறது.

அந்தக் கோடையில் ஷாலியாபினோடு இத்தாலிக்குப் போனார். இசை மெல்ல ஊறத் தொடங்கியது. கான்செர்ட்டோவுக்கு மூன்று பாகம். அவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் முதலில் வந்தன. முதல் பாகம் இல்லாமலேயே, அந்த இரண்டை மட்டும் 1900 டிசம்பரில் மாஸ்கோவில் ஒரு கச்சேரியில் வாசித்துப் பார்த்தார். கூட்டம் கொண்டாடியது. அதற்குப் பிறகுதான் முதல் பாகத்தை எழுதி முடித்தார். தொடக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று காத்திருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு போயிருக்குமோ. எந்த இடம் இளகிக் கொடுத்ததோ அந்த இடத்தில் கை வைத்தார்.

கடைசியில் எழுதிய அந்தத் தொடக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். இசைக்குழு மௌனமாக இருக்க, பியானோ தனியாக ஆரம்பிக்கிறது. ஒரு கனத்த சுரக்கூட்டு, அதன் பின்னே அடியாழத்தில் ஒரு தனி ஒலி. மறுபடி சுரக்கூட்டு, மறுபடி அதே அடி ஒலி. தூரத்துக் கோயில் மணி போல மிக மெதுவாகத் தொடங்கி, ஒவ்வோர் அடிக்கும் சத்தம் ஏறிக்கொண்டே வருகிறது. ரஹ்மானினோவின் கைகள் அசாதாரணமாக நீண்டவை. அந்தச் சுரக்கூட்டுகளைச் சாதாரணக் கை ஒரே நேரத்தில் எட்டிப் பிடிக்க முடியாது. அதனால் பல கலைஞர்கள் ஒவ்வொரு விரலாக உருட்டித்தான் வாசிக்கிறார்கள். எட்டு முறை மணி அடித்ததும், அலை வந்து மோதியதைப் போல வயலின்கள் ராகத்தை ஏந்திக்கொள்கின்றன. பியானோ பின்னால் நகர்ந்து துணை வாசிக்கிறது.

முழுக் கான்செர்ட்டோவும் 1901 நவம்பரில் மாஸ்கோவில் அரங்கேறியது. பியானோவில் ரஹ்மானினோவ், இசைக்குழுவை நடத்தியவர் அவருடைய அத்தை மகன் சிலோட்டி. பெரும் வெற்றி. அதைக் காணிக்கையாக்கியது டாக்டர் டாலுக்கு. பின்னாளில் ரஷ்யாவை விட்டுப் போய் பெய்ரூட்டில் வாழ்ந்த டால், அங்கே ஓர் இசைக்குழுவில் வியோலா வாசித்துக்கொண்டிருந்தார். அவர்கள் இந்தக் கான்செர்ட்டோவை வாசித்தபோது, இதைக் காணிக்கையாகப் பெற்றவர் இவர்தான் என்று அறிந்த கூட்டம் அவரை எழுந்து நிற்கவைத்துக் கைதட்டியது என்று சொல்வார்கள்.

இங்கே கதையை முடித்தால் திரைப்படம் மாதிரி இருக்கும். உண்மை அப்படி இல்லை. அரங்கேற்றத்துக்கு ஐந்து நாள் முன்பு நண்பர் மரோசவ், முதல் பாகத்தில் ஏதோ குறை இருப்பதாக எழுத, ரஹ்மானினோவ் அப்படியே நிலைகுலைந்துபோனார். நீ சொல்வது சரி, முதல் பாகமே கெட்டுவிட்டது, இந்த நிமிடத்திலிருந்து அது எனக்கு வெறுப்பாகிவிட்டது என்று பதில் எழுதினார். உலகம் கொண்டாடப்போகும் இசையைப் பற்றி, அதை எழுதியவரின் காது சொன்ன தீர்ப்பு அது. பயம் அவரை விட்டுப் போகவில்லை, பயத்தோடேயே மேடையேறினார்.

1904-இல் இந்தக் கான்செர்ட்டோவுக்குக் கிளிங்கா பரிசாக 500 ரூபிள் கிடைத்தது. அந்தப் பரிசை நிறுவியவர் பெல்யாயெவ். முதல் சிம்பொனி மண்ணைக் கவ்விய அந்தக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. சிம்பொனிப் பக்கமே இனி தலைவைத்துப் படுப்பதில்லை என்றிருந்த ரஹ்மானினோவ், 1906-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வீடு பிடித்துத் தங்கி, யாரிடமும் மூச்சுவிடாமல் இரண்டாவது சிம்பொனியை எழுதத் தொடங்கினார். 1908-இல் அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அது அரங்கேறியது. இந்த முறை நடத்துநரின் கோல் வேறொருவர் கையில் இல்லை. மாமன்தவின் அரங்கில் தடுமாறித் தடுமாறிக் கற்ற தொழில் அன்று கைகொடுத்தது.

பின்னாளில் வந்த இரண்டாவது வறட்சி, அந்த மூன்று ஆண்டு மௌனத்தைவிட நீண்டது. 1917 புரட்சிக்குப் பிறகு குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறியவர், பிழைப்புக்காகப் பியானோ கலைஞராக ஊர் ஊராகப் போனார். அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு மேல் புதிதாகப் பெரிய படைப்பு எதுவும் இல்லை. 1927-இல் அரங்கேறிய நான்காவது கான்செர்ட்டோவும் எடுபடவில்லை. 1931-இல் இசையமைப்பாளர் கொரெல்லியின் பெயரில் வழங்கும் பழைய மெட்டு ஒன்றை வைத்து 20 சிறு மாறுபாடுகள் எழுதினார். அவற்றை வாசித்தபோது நடந்ததை நண்பரும் இசையமைப்பாளருமான மெட்னருக்கு எழுதினார். சபையில் இருமல் சத்தம் கேட்டால் அடுத்த மாறுபாட்டை விட்டுவிடுவாராம். இருமல் இல்லையென்றால் வரிசைப்படி வாசிப்பாராம். ஒரு சிற்றூரில் இருமல் தாங்காமல் பத்தோடு நிறுத்திக்கொண்டார். அதிகபட்சமாக வாசித்தது நியூயார்க்கில், 18. அப்போது உலகின் தலைசிறந்த பியானோ கலைஞர்களில் ஒருவர் அவர். வயது 58.

மூன்று ஆண்டு கழித்து, 1934 கோடையில், சுவிட்சர்லாந்தின் லூசர்ன் ஏரிக்கரையில் கட்டிய வீட்டில் உட்கார்ந்து, வயலின் மேதை பாகனினியின் மெட்டை வைத்து அதே போன்ற மாறுபாடுகளை, இம்முறை பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதினார். ஏழே வாரத்தில் முடிந்தது. இன்று உலகம் முழுவதும் ஒலிக்கும் இசை அது.

அந்த முதல் சிம்பொனி என்ன ஆயிற்று? அதை அவர் கிழித்துப் போடவும் இல்லை, அச்சிடவும் இல்லை. யாருக்கும் காட்டப்போவதில்லை, உயில் எழுதும்போது அதற்குத் தடை போட்டுவிடுவேன் என்று 1917-இல் எழுதினார். நாட்டை விட்டுப் போனபோது பிரதி ரஷ்யாவிலேயே தங்கிவிட்டது. பிறகு காணாமலும் போயிற்று.

1940-இல் அமெரிக்காவில் ‘சிம்பொனிக் நடனங்கள்’ எழுதினார். அதுவே அவருடைய கடைசிப் படைப்பு. 1941 ஜனவரியில் பிலடெல்பியா இசைக்குழு வாசித்தது. முதல் நடனம் முடியும் தறுவாயில், ஆரவாரமெல்லாம் அடங்கி, அதுவரை வராத ஒரு மெட்டை வயலின்கள் மெதுவாக எடுக்கின்றன. சுற்றிலும் யாழும் சிறுமணியும் பியானோவும் மின்னுகின்றன. அது எங்கிருந்து வந்தது என்று சபையில் யாரும் அறிந்திருக்க வழியில்லை. ரஹ்மானினோவ் 1943 மார்ச்சில் காலமானார். அடுத்த ஆண்டு, லெனின்கிராட் என்று பெயர் மாறியிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் இசைக் கல்லூரியில், 1897 கச்சேரியில் வாத்தியக்காரர்கள் வைத்து வாசித்த தனித்தனித் தாள்கள் கிடைத்தன. அவற்றை ஒன்றுசேர்த்து முழுப் பிரதியை மீட்டெடுத்து, 1945 அக்டோபரில் மாஸ்கோவில் முதல் சிம்பொனியை மறுபடி வாசித்தார்கள். படிக்கட்டில் காதைப் பொத்திக்கொண்டவர் 43 ஆண்டு கழித்து வயலின்களிடம் மெதுவாகக் கொடுத்தது அந்தச் சிம்பொனியின் மெட்டைத்தான் என்று அதன் பிறகே உலகத்துக்குத் தெரிந்தது.